பாம்புக்குப் பூச்சி, தோல் கோளாறு: சுங்கை சிப்புட் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் பாம்பு வளர்க்கிறேன் என்று சொன்னால் பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிடுவார்கள், மீதிப் பேர் பொம்பாவுக்கு (தீயணைப்புப் படைக்கு) போன் போடுவார்கள். ஆனாலும் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் பால் பைத்தானும் (ball python) கார்ன் ஸ்நேக்கும் (corn snake) வளர்க்கிற பிள்ளைகள் கூடிக்கொண்டேதான் போகிறார்கள், அவர்கள் வந்து கேட்பதில் முக்கால்வாசி பூச்சியும் தோலும்தான். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. சூட்டைக் கூட்டு, ஈரத்தைக் கூட்டு என்பார்கள். நமக்கோ மத்தியானம் 33 டிகிரி, மழை விட்ட சாயங்காலத்தில் வீட்டுக்குள்ளேயே ஈரப்பதம் 85, 90 என்று நிற்கும். அதை அப்படியே பின்பற்றினால் பாம்பைவிடப் பூச்சிக்குத்தான் வசதி. அதனால் இந்தக் கேள்விகளுக்கு நம் ஊர் நிலவரத்தை வைத்தே பதில் எழுதுகிறேன்.

பாம்பு நாள் முழுக்கத் தண்ணிப் பாத்திரத்திலேயே கிடக்கிறது. வெக்கையா, பூச்சியா?

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், சட்டை உரிக்கப் போகிறது என்றாலும் கிடக்கும். முதலில் பெட்டிக்குள் வெப்பமானியை வைத்துப் பாருங்கள், குளிர்ந்த பக்கமே 32 டிகிரியைத் தாண்டினால் அது வெக்கைக்குத்தான் தண்ணீரைத் தேடுகிறது. சூடு சரியாக இருக்கிறது, கண்ணும் மங்கலாக இல்லை என்றால் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். பொடித்த மிளகு தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் கிடந்தால் அது மைட், பாம்பின் இரத்தத்தைக் குடிக்கும் பொடிப் பூச்சி. மூச்சு முட்டிச் செத்து விழுந்தவை அவை. அவற்றிடமிருந்து தப்பிக்கத்தான் பாம்பு தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது.

அப்புறம் பாம்பை வெளிச்சத்தில் வைத்து நான்கு இடம் பாருங்கள்: கண்ணைச் சுற்றியுள்ள விளிம்பு, தாடைக்குக் கீழே நடுவில் ஓடும் பள்ளம், பைத்தானாக இருந்தால் உதட்டோரக் குழிகள், கழிவாய் ஓரம். கண்ணைச் சுற்றிச் செதில் லேசாகத் தூக்கிக்கொண்டு உப்பினாற்போல் இருப்பது ரொம்பப் பொதுவான அடையாளம். கறுத்த பாம்பின் மேல் வெள்ளைத் தூசு மாதிரி ஒட்டியிருந்தால் அது மைட்டின் எச்சம். வெள்ளை டிஷ்யூவை ஈரமாக்கித் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

பெட்டியில் ஓடும் சின்னப் பூச்சி எல்லாம் மைட்தானா?

இல்லை. தேங்காய் நார்த்தூள் போட்ட பெட்டியில் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ மெதுவாக ஊரும் பூச்சிகள் இருக்கும், அவை மக்கியதைத் தின்று பிழைப்பவை, பாம்பைத் தொடாது. தொட்டால் துள்ளிக் குதிக்கிற வெள்ளைப் பூச்சியும் அப்படித்தான். இரத்தம் குடிக்கிற பாம்பு மைட்டின் பெயர் ஓபியோனிஸஸ் நாட்ரிசிஸ். நன்றாகக் குடித்த பெண் மைட் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும், கறுப்பு அல்லது கருஞ்சிவப்பாக இருக்கும். டிஷ்யூவில் வைத்து நசுக்கினால் சிவப்பாகக் கோடு விழும். விழவில்லை என்றால் அவசரப்பட்டு மருந்தைத் தூக்காதீர்கள்.

வீடு சுத்தமாகத்தானே இருக்கிறது, எங்கிருந்து வந்தது?

சுத்தத்துக்கும் இதற்கும் அவ்வளவு சம்பந்தம் இல்லை. புதிதாக வாங்கிய பாம்போடு வந்திருக்கலாம், நண்பர் கொடுத்த பழைய பெட்டியோடோ மரக்கட்டையோடோ வந்திருக்கலாம். கடையில் நாலு பாம்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அதே சட்டையோடு வந்து வீட்டுப் பாம்பைத் தூக்கியிருக்கலாம். நிறையப் பேர் இந்தக் கடைசியை நம்ப மாட்டார்கள். மைட் நன்றாக நடக்கும், ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடும்.

குளிப்பாட்டினேன், ஒன்றுகூட இல்லை. பத்து நாளில் மறுபடியும் அதே கதை. ஏன்?

நீங்கள் கழுவியது அந்த நேரத்தில் பாம்பின் மேல் உட்கார்ந்திருந்தவற்றை மட்டும்தான். மைட் எப்போதும் பாம்பின் மேலேயே குடியிருப்பதில்லை. குடிக்கிறது, இறங்கிப் போகிறது, தோலை மாற்றிக்கொள்கிறது, மறுபடி ஏறிக் குடிக்கிறது. முட்டையிட வேண்டும் என்றால் பெட்டியின் மூலை, மூடியின் விளிம்பு, மரக்கட்டைப் பிளவு, ஒளிந்திருக்கும் குகையின் உள்பக்கம் என்று இருட்டாகவும் ஈரமாகவும் உள்ள இடத்தைத் தேடிப் போகும், அதிலும் மேல்பக்கமாக ஏறிப் போகிற பழக்கம் உண்டு. ஒரு பெண் மைட் தன் ஆயுளில் 60 முதல் 80 முட்டை வரை இடும். முட்டை 2 முதல் 4 நாளில் பொரியும். குஞ்சு, பிறகு இரண்டு இளம் பருவம், பிறகு முதிர்ந்த மைட். இதில் முதல் இளம் பருவமும் முதிர்ந்ததும்தான் இரத்தம் குடிக்கும், மற்றவை சும்மா ஒளிந்திருக்கும். 25 முதல் 30 டிகிரி சூடும் 75 சதவிகிதத்துக்கு மேல் ஈரப்பதமும் இருந்தால் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம்வரை ஏறக்குறைய இரண்டு வாரம் போதும்.

அந்த எண்களைப் பாருங்கள், அது நம் வீட்டு ஹால். வெளிநாட்டில் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வறண்ட வீட்டில் மைட் காய்ந்து சாகும். இங்கே அந்த உதவி கிடைக்காது. முதிர்ந்த மைட் 40 நாள்வரை உயிரோடு இருக்கும் என்பதால் ஆறு வாரத்துக்குக் குறைந்த எந்த வைத்தியத்தையும் நான் வைத்தியம் என்று எண்ணுவதில்லை.

சரி, என்னதான் செய்வது? வரிசையாகச் சொல்லுங்கள்.

பாம்பை முதலில் வெளியே எடுத்து மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீரில் விடுங்கள், 28 முதல் 30 டிகிரி போதும், பாம்பின் உடம்பில் பாதி உயரத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். மூழ்காமல் தப்பித்த மைட்கள் தலைக்கு ஏறும், அங்கே ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தெடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டால் மைட் மிதக்காமல் மூழ்கும் என்று பலரும் செய்கிறார்கள். செய்வதானால் பாம்பு அதைக் குடிக்காமல் பார்த்து, நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், வெறும் தண்ணீரே எனக்குத் திருப்தி.

பாம்பு குளித்துக்கொண்டிருக்கும்போது உண்மையான வேலை பெட்டியில் இருக்கிறது. உள்ளே போட்ட அடிவிரிப்பு முழுவதையும் பிளாஸ்டிக் பையில் கட்டி அன்றைக்கே வெளியே போடுங்கள், கொல்லையில் கொட்டி வைக்காதீர்கள். மரக்கட்டை, தேங்காய் ஓட்டுக் குகை, கார்க் பட்டை இதையெல்லாம் தூக்கி எறிய மனசு வராது, ஆனால் அதன் பிளவுகளில்தான் முட்டை இருக்கும், எறிவதுதான் மலிவு. பிளாஸ்டிக் டப்பாவைக் கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் ஊற்றிச் சோப்புப் போட்டுத் தேயுங்கள். கண்ணாடித் தொட்டியில் கொதிக்கிற தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் விரிசல் விடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. மூடியின் பள்ளம், பூட்டு, ஒயர் நுழையும் ஓட்டை எல்லாவற்றையும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். பிளீச் போடலாம், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறவிட்டு வாசனை போகும்வரை கழுவுங்கள். ஆனால் பிளீச் கிருமிக்குத்தான், மைட் முட்டைக்கு வெந்நீரும் தேய்ப்பும்தான் நம்பிக்கை. பிளீச்சோடு வினிகரையோ வேறு எந்தக் கழுவும் மருந்தையோ கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

பெட்டி வைத்திருந்த மேசை, அலமாரி, சுவரோரம் எல்லாவற்றையும் துடைத்து, வேக்கும் கிளீனரும் போட்டு, அதன் தூசுப் பையை வீட்டுக்குள் வைக்காமல் வெளியே எறியுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், அறையில் தங்கிய மைட்தான் அடுத்த வாரம் பெட்டிக்குள் ஏறுகிறது.

பாம்பை மறுபடி வைக்கும்போது வெறும் டப்பா, வெள்ளைச் சமையலறைப் பேப்பர், தண்ணிப் பாத்திரம், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, அவ்வளவுதான். வெள்ளைப் பேப்பரில் ஒரு மைட் ஓடினாலும் தெரியும். பேப்பரையும் அட்டையையும் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மாற்றுங்கள், வாரம் ஒருமுறை டப்பாவை மறுபடி வெந்நீரில் கழுவுங்கள். வேறு பாம்புகள் இருந்தால் அவற்றுக்கும் இதே வேலைதான், மைட் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். நல்ல பாம்பை முதலில் கவனியுங்கள், பூச்சி பிடித்ததைக் கடைசியில், பிறகு கை கழுவிச் சட்டை மாற்றுங்கள்.

லேசான தொல்லை இதிலேயே போகும். நிறைய இருந்தால் மருந்து வேண்டும், அதை அடுத்து வரும் மூன்று கேள்விகளில் பார்ப்போம்.

நாய்க்கு அடிக்கிற உண்ணி ஸ்பிரேயைப் பாம்புக்கு அடிக்கலாமா?

ஃபிப்ரோனில் என்ற உண்ணி மருந்தின் 0.25 சதவிகித ஸ்பிரேயை மருத்துவர்கள் பாம்புக்குப் பயன்படுத்துவது உண்டு. பாம்பின் மேல் நேரடியாக அடிக்க மாட்டார்கள், துணியில் நனைத்துத் துடைப்பார்கள், தலைப்பக்கம் ரொம்பக் கவனமாக. தயாரித்தவர்கள் அதை நாய், பூனைக்கென்றுதான் செய்தார்கள் என்பதால் பாம்புக்கு எவ்வளவு, எத்தனை நாளுக்கொரு முறை என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். குட்டிப் பாம்பு, மெலிந்தது, சட்டை உரிக்கப் போவது, இவற்றுக்குத் தானாகச் செய்ய வேண்டாம். அந்த ஸ்பிரேயில் ஆல்கஹால் இருக்கும், காற்றோட்டமான இடத்தில் நன்றாகக் காய்ந்த பிறகே பெட்டிக்குள் விட வேண்டும், அன்றைக்குத் தண்ணிப் பாத்திரம் உள்ளே வேண்டாம். வீட்டில் முயல் இருந்தால் இந்த மருந்து அதன் பக்கமே போகக் கூடாது, முயலைக் கொன்றுவிடும்.

ஆட்டுக்குப் போடுகிற ஒட்டுண்ணி மருந்து ஐவர்மெக்டின் வீட்டிலேயே இருக்கிறது. அதில் கொஞ்சம்?

தோட்டத்துப் பக்கம் ஆடு மாடு வைத்திருப்பவர்கள் வீட்டில் இந்தப் புட்டி இருக்கும், அதனால் இந்தக் கேள்வியும் வந்துகொண்டே இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஆட்டுக்கான 1 சதவிகித மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். பாம்புக்கு மருத்துவர்கள் போடுவது கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். உங்கள் கார்ன் ஸ்நேக் அரை கிலோ என்றால் அதற்கு வேண்டியது 0.1 மில்லிகிராம், அதாவது புட்டியிலிருந்து 0.01 மில்லிலிட்டர். இன்சுலின் ஊசியில் இருக்கிற மிகச் சின்னக் கோடு அதுதான். கை கொஞ்சம் நடுங்கினால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போய்விடும், பாம்பு தள்ளாடிச் சாகவும் கூடும். மருத்துவர் அதைக் கலக்கி நீர்க்கச் செய்து எடை பார்த்துத்தான் போடுவார்.

இன்னொன்று, ஆமைக்கு ஐவர்மெக்டின் கொடுக்கவே கூடாது, செத்துவிடும். பாம்புப் பெட்டிக்கு அடித்துவிட்டு அதே பாத்திரத்தில் ஆமைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் ஆபத்துதான்.

தோட்டத்து மருந்தடிப்புக்கு வருகிற சைபர்மெத்ரின்? இல்லை என்றால் கரப்பான் ஸ்பிரே?

வேண்டாம். செம்பனையில் (எண்ணெய்ப் பனையில்) பூச்சிக்கு அடிக்கிற மருந்து எக்கர் கணக்குக்குச் செய்தது, அதைக் கண்ணளவில் கலந்து மூடிய டப்பாவுக்குள் அடித்தால் பாம்புக்கு எவ்வளவு போகிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கரப்பான் ஸ்பிரேயும் அதேதான், அதோடு வாசனைத் திரவமும் எண்ணெயும் வேறு. பாம்பு வைத்திருக்கிற அறையில் கொசுவர்த்தியும் ஏற்ற வேண்டாம்.

இந்த வகையிலேயே பெர்மெத்ரின் 0.5 சதவிகிதத்தில் ஊர்வன பெட்டிகளுக்கென்று செய்த ஸ்பிரேக்கள் உண்டு. அவை காலிப் பெட்டிக்குத்தான். அடித்து, முழுக்கக் காயவிட்டு, வாசனை போன பிறகு பாம்பை விட வேண்டும், முதல் நாள் தண்ணிப் பாத்திரம் வேண்டாம், ஆவி தண்ணீரில் இறங்கும். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் ஈரமாக இருக்கும்வரை அதை உள்ளே விடாதீர்கள். நாய்க்குப் போடும் உண்ணிப் பட்டையை வெட்டிப் பெட்டிக்குள் போடுவது, பழைய காலத்து டைக்குளோர்வாஸ் பூச்சிமருந்துப் பட்டையைத் தொங்கவிடுவது, இரண்டும் பாம்பின் நரம்பைக் கெடுக்கும்.

வேப்பெண்ணெய், மஞ்சள், மண்ணெண்ணெய், டெட்டால்?

வீட்டில் பெரியவர்கள் சொல்வது இந்த நான்குதான், அன்போடு சொல்கிறார்கள். மண்ணெண்ணெய் தோலை எரிக்கும், ஆவியே நுரையீரலுக்குக் கெடுதல், அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. டெட்டாலில் இருப்பது ஃபினால் வகைச் சரக்கு, ஊர்வனவற்றுக்கு ஆகாது, பெட்டி கழுவக்கூட எடுக்காதீர்கள். எண்ணெய் எதுவானாலும் மேலே பட்ட மைட்டை மூச்சு முட்ட வைக்கும், உண்மைதான், ஆனால் முட்டையும் மீதிக் கூட்டமும் மூலையில் அப்படியே இருக்கும், எண்ணெய் பூசிய பாம்பு பேப்பரையும் தூசியையும் அப்பிக்கொண்டு கிடக்கும், அடுத்த சட்டையும் ஒழுங்காக உரியாது. மஞ்சள் பூசினால் மைட் சாகாது. அது மட்டுமல்ல, தோல் எங்கே சிவக்கிறது, எங்கே புண் ஆகிறது என்பதே தெரியாமல் போய்விடும். மஞ்சள் பூசிக் கொண்டுவந்த பாம்பைப் பார்த்து மருத்துவர் முகம் போகிற போக்கு இருக்கிறதே!

மைட்டைத் தின்கிற மைட் இருக்கிறதாமே?

இருக்கிறது. செய்லெட்டஸ் எருடிடஸ், ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் ஸ்கிமிடஸ் என்ற இரண்டு வகையை வெளிநாட்டில் பெட்டிக்குள் விடுகிறார்கள், பாம்பை அவை தொடாது. மருந்து அடித்த பெட்டியில் விட்டால் அவையும் சாகும் என்பதால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கூட்டம் பெருகிவிட்ட பிறகு இதை மட்டும் நம்புவதை நான் சொல்ல மாட்டேன்.

மைட் கடித்தால் அரிப்புதானே, அதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

குட்டிப் பாம்பின் உடம்பில் இருக்கிற இரத்தமே கொஞ்சம்தான். ஆயிரக்கணக்கில் ஏறினால் இரத்தசோகை வந்து வாயின் உள்பக்கம் வெளுத்துப் போகும், தீனி எடுக்காது. கடித்த இடத்தில் ஏரோமோனாஸ் போன்ற கிருமி நுழைந்து இரத்தத்தில் கலந்தால் பாம்பு சில நாளில் போய்விடும். போவா, பைத்தான் வகைகளுக்கு ரெப்டாரினா வைரஸால் வரும் ஒரு கொடிய நோய் இருக்கிறது, தலையை வானத்தைப் பார்த்தபடி முறுக்கிக்கொள்ளும், விழுங்கியதைக் கக்கும், மருந்து கிடையாது. அதை ஒரு பாம்பிலிருந்து மற்றொன்றுக்கு மைட் கொண்டுபோகிறது என்பது பலமான சந்தேகம்.

சட்டை துண்டு துண்டாக உரிகிறது. ஊரே ஈரமாக இருக்கும்போது எப்படி?

நல்ல கேள்வி. பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் ஏர்கோன் அறை. ராத்திரி முழுக்க ஏர்கோன் ஓடினால் அறை வறண்டுவிடும், மின்விசிறி நேராகப் பெட்டி மேல் அடித்தாலும் அப்படித்தான். சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60, பால் பைத்தானுக்கு 55 முதல் 70 என்று இருந்தால் போதும். ஹாலில் வைத்த பெட்டிக்கு இங்கே தண்ணீர் தெளிக்கவே தேவையில்லை, காற்றோட்டம்தான் தேவை.

கண் நீலம் பாய்ந்து மங்கலாகிறது, பிறகு தெளிகிறது, தெளிந்த சில நாளில் சட்டை கழற்றும். அந்த நாட்களில் தூக்காதீர்கள், தீனியும் கொடுக்க வேண்டாம். ஈரமான பாசி அல்லது நனைத்துப் பிழிந்த துணி போட்ட ஒரு சின்ன டப்பாவில் ஓட்டை போட்டு உள்ளே வையுங்கள், வேண்டும்போது அதுவே நுழைந்துகொள்ளும். ஒட்டிக்கொண்ட பழைய சட்டையை உரித்து இழுக்காதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் விட்டுவிட்டு ஈரத் துண்டுக்குள் நுழைந்து நுழைந்து போக விடுங்கள், தானாக வரும். வால் நுனியில் வளையமாக ஒட்டியிருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது இறுக்கி இரத்தம் ஓடாமல் நுனி கருகி விழும்.

எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு மூன்று முறை தொடர்ந்து சட்டை கிழிந்தால் மைட், பழைய தீக்காயம், உடம்புக்குள் வேறு நோய் என்று தேட வேண்டும்.

கண் மேல் பழைய மூடி ஒட்டிக்கொண்டது. செலோடேப்பால் எடுக்கலாமா?

கூடாது, இடுக்கியும் கூடாது. பாம்புக்கு இமை இல்லை, கண்ணாடிச் செதில் ஒன்றுதான் கண்ணைக் காக்கிறது, பழையதோடு புதியதும் பிய்ந்தால் கண் போச்சு. உரிந்த சட்டையின் தலைப்பக்கத்தை விரித்துப் பாருங்கள், இரண்டு கண்மூடியும் அதில் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் அடுத்த சட்டைவரை ஈரத்தைச் சரியாக வையுங்கள், பெரும்பாலும் அதோடு வந்துவிடும். அப்போதும் வராவிட்டால் மருத்துவர்.

வயிற்றுச் செதில் சிவந்திருக்கிறது. சட்டை உரிக்கப் போகிறதா, அழுகலா?

சட்டைக்கு முன் வரும் சிவப்பு வயிறு முழுக்க ஒரே சீராக இளஞ்சிவப்பாக இருக்கும், சட்டையோடு போய்விடும். அழுகல் திட்டுத் திட்டாக வரும். ஒரு செதிலின் ஓரம் சிவக்கும், பிறகு பழுப்பு, பிறகு நீர்க்கொப்புளம், அது உடைந்தால் புண், வாசனை வேறு. நம் ஊரில் மைட்டுக்கு அடுத்து நான் அதிகம் பார்ப்பது இதுதான், காரணமும் எப்போதும் ஒன்றே: ஈர நார்த்தூள், மூடிய டப்பா, அள்ளாமல் விட்ட எச்சம். ஈரப்பதம் வேறு, நனைந்த தரை வேறு. காற்றில் ஈரம் இருந்தால் பாம்பு பொறுத்துக்கொள்ளும், நனைந்த தரையில் படுத்தே கிடந்தால் தோல் அழுகும்.

ஆரம்பம் என்றால் உடனே உலர்ந்த பேப்பருக்கு மாற்றி, தினமும் பேப்பரை எடுத்துப் போட்டு, பொவிடோன் அயோடினை வெளிறிய தே ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்துக்கு நீர்க்கச் செய்து அந்த இடத்தை மட்டும் துடைத்துக் காயவிடுங்கள். ஒரு வாரத்தில் நிறம் மாறவில்லை, கொப்புளம் வந்துவிட்டது, பாம்பு சோர்ந்து கிடக்கிறது என்றால் களிம்பில் தீராது, ஊசி மருந்து வேண்டும். மருத்துவர்கள் அடிக்கடி எடுக்கும் செப்டாசிடைம் என்ற கிருமிக்கொல்லி மூன்று நாளுக்கொரு ஊசி. ஒரு தடவை கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடாதீர்கள். குணமாகும் காலத்தில் பாம்பு வழக்கத்தைவிட அடிக்கடி சட்டை உரிக்கும், தோலைப் புதுப்பித்துக்கொள்கிறது, பயப்பட வேண்டாம்.

ஹீட் பேட் சுட்டுவிட்டதா என்று எப்படித் தெரியும்?

ஒரே இடத்தில், ஹீட் பேடின் அளவுக்கே, வயிறு சிவந்து செதில் சுருங்கியிருந்தால் சுட்டதுதான். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் பேட் வேண்டவே வேண்டாம். நம் ஊரில் ஏர்கோன் அறையைத் தவிர அது தேவைப்படுவதே அபூர்வம்.

செம்பனைத் தோட்டத்து எலியைப் பிடித்துப் போடலாமா?

தோட்டத்தில் எலிக்கு விஷம் வைக்கிறார்கள், அதைத் தின்ற எலியைத் தின்றால் பாம்புக்கும் இரத்தம் உறையாமல் போகலாம். ஒட்டுண்ணியும் சேர்ந்து வரும். வளர்ப்பு எலியை உறைய வைத்து, இளக்கிக் கொடுங்கள். உயிர் எலியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் காலையில் பார்ப்பது எலி கடித்த பாம்பை.

பால்மர (ரப்பர் மர) மில்லில் மரத்தூள் சும்மா கிடைக்கிறது. பெட்டிக்குப் போடலாமா?

சும்மா கிடைத்தாலும் வேண்டாம். பால்மரப் பலகைக்குப் பூச்சி பிடிக்காமலிருக்கப் போரிக் உப்பு ஏற்றுவது வழக்கம், அந்தத் தூளில் அதுவும் இருக்கலாம். தூளின் நுண்தூசி மூச்சுக்குக் கெடுதல், உதட்டுக் குழியிலும் அடையும். தூள் போட்ட பெட்டியில் மைட்டைத் தேடுவதும் நடக்காத காரியம்.

தோட்டத்தில் மலைப்பாம்புக் குட்டி கிடைத்தது, உடம்பெல்லாம் உண்ணி. எடுத்து வளர்க்கவா?

மலைப்பாம்பு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம், குட்டி என்றாலும் குற்றம்தான். கடையில் வாங்கும் பால் பைத்தானுக்கும் உரிமக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். காட்டுப் பாம்பின் மேல் தட்டையாக, செதில்களுக்கு நடுவே பதிந்திருப்பது உண்ணி, மைட்டைவிடப் பெரியது, கண்ணுக்கு நன்றாகத் தெரியும். தோலுக்கடியில் மெத்தென்று நகரும் கட்டிகள் இருந்தால் பெரும்பாலும் தவளை தின்றதால் வந்த நாடாப்புழு இளசு. இதையெல்லாம் வீட்டுப் பாம்பு இருக்கிற இடத்துக்கு எதற்குக் கொண்டுவர வேண்டும்? பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால் 999, பொம்பாவோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடித்துப்போவார்கள்.

உரிமத்தோடு வைத்திருக்கும் பாம்பில் உண்ணி இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், முறுக்க வேண்டாம், நெருப்பு வைக்க வேண்டாம்.

பிள்ளை கையில் சிவப்புத் தடிப்பு. மைட் மனிதரைக் கடிக்குமா?

கடிக்கும், ஆனால் மனிதர் மேல் குடித்தனம் நடத்தாது. பாம்பின் மைட் போனால் தடிப்பும் போகும், அதுவரை பிள்ளையைப் பாம்பைத் தூக்க விடாதீர்கள். எப்போதுமே பாம்பைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மொனெல்லா என்ற கிருமி உண்டு. பாம்புப் பாத்திரத்தைச் சமையல் சிங்க்கில் கழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

மைட் போய்விட்டது என்று எப்போது சொல்லலாம்? புதுப் பாம்பை எத்தனை நாள் தனியே வைப்பது?

கடைசி மைட்டைப் பார்த்த நாளிலிருந்து ஆறு வாரம் வெள்ளைப் பேப்பரில் ஒன்றுகூடத் தெரியவில்லை என்றால் பழைய அலங்காரத்துக்குத் திரும்பலாம். நடுவில் ஒன்று தெரிந்தாலும் கணக்கு அன்றிலிருந்து புதிதாக. புதுப் பாம்பு மூன்று மாதம் தனி அறையில், தனி இடுக்கி, தனிப் பாத்திரம். லயத்து வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது என்பார்கள். முன் அறை ஒன்று, பின் சமையல்கட்டுப் பக்கம் ஒன்று என்று தூரமாகவாவது வையுங்கள், மேசைக் கால் நான்கையும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், மைட் நடந்து வருவது குறையும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும், என்ன கொண்டு போவது?

வாய் வெளுத்திருந்தால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், கொப்புளமோ புண்ணோ இருந்தால், கண் வீங்கினால், முகத்தில் தடித்த பொருக்கு கட்டினால் (அது பூஞ்சையாக இருக்கலாம், வீட்டுக் களிம்பு வேலை செய்யாது), குட்டிப் பாம்பில் மைட் நிறைய இருந்தால் அன்றைக்கே. நாய் பூனை பார்க்கும் எல்லாக் கிளினிக்கும் பாம்பு பார்ப்பதில்லை, ஈப்போவுக்குக் கிளம்பும் முன் போன் போட்டு ஊர்வன பார்ப்பாரா என்று கேளுங்கள். சிக்கலான கேஸ் என்றால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. கடைசியாக உரித்த சட்டை, டிஷ்யூவில் ஒட்டிய பூச்சியை ஒரு சின்னப் புட்டியில் போட்டு, பெட்டியின் படம், சூடு ஈரம் எவ்வளவு என்ற குறிப்பு, இதுவரை பூசிய அடித்த எல்லா மருந்தின் பெயர், இத்தனையும் கொண்டுபோங்கள், கடைசியில் சொன்னதை மறைக்காதீர்கள். பாம்பைத் தலையணை உறையில் விட்டு முடிச்சுப் போட்டு, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வையுங்கள். வழியில் சாப்பிட நிறுத்தினால் டப்பாவைக் காரிலேயே பூட்டிவிட்டுப் போகாதீர்கள், வெயிலில் நின்ற கார் கொஞ்ச நேரத்திலேயே பாம்பைக் கொன்றுவிடும்.